கை நடுங்கத் தொடங்கியதும் மூளையில் கருவி வைக்க வேண்டுமா?

பாகூர் கொம்யூனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு வயது 58. நெல்லும் மணிலாவும் பயிர் செய்கிற குடும்பம். ஒரு வருடமாக அப்பாவின் வலது கை, சும்மா உட்கார்ந்திருக்கும்போது நடுங்குகிறது. நடையும் மெதுவாகிவிட்டது. அரசு மருத்துவமனையில் இது பார்க்கின்சன் நோயின் ஆரம்ப நிலை என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். மாத்திரையில் நல்ல குணம் தெரிகிறது. ஆனாலும் செல்போனில் ஒரு வீடியோ பார்த்ததிலிருந்து வீட்டில் பேச்சு மாறிவிட்டது. மூளைக்குள் கம்பி வைத்து, நெஞ்சில் பேட்டரி பொருத்தி, சுவிட்சைப் போட்டதும் ஒருவருடைய நடுக்கம் அப்படியே நின்றுவிடுகிறதாம். ஒரு காணி நிலத்தை விற்றாவது இப்போதே அதைச் செய்துவிடலாம் என்கிறார் மாமா. அதெல்லாம் வேண்டாம், பூனைக்காலி விதைப் பொடி போதும் என்கிறார் சித்தப்பா. இத்தனை வருடம் கைத்தெளிப்பானைத் தோளில் போட்டு மருந்தடித்ததுதான் காரணமோ என்று அப்பாவுக்கே ஒரு கவலை.

மூன்று கேள்விகளுக்கும் சுருக்கமான பதில் இது. கருவி உண்மையான சிகிச்சைதான், ஆனால் அதற்கு ஒரு காலம் உண்டு. மாத்திரை நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் முதல் வருடம் அந்தக் காலம் அல்ல. எனவே இப்போது நிலத்தை விற்கத் தேவையில்லை. பூனைக்காலியில் சரக்கு இருக்கிறது, ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அதைச் சாப்பிடக் கூடாது. பயிர் மருந்தைப் பற்றிய கவலையில் நியாயம் உண்டு. விவரத்தைக் கீழே பார்க்கலாம்.

நோய் என்ன செய்கிறது?

1817-ஆம் ஆண்டு லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயை விவரமாக எழுதி வைத்தார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. தமிழில் நடுக்குவாதம் என்பார்கள். மூளையின் நடுவே, கருமை நிறமுள்ள ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்குள்ள செல்கள் டோபமின் என்ற பொருளைச் சுரக்கின்றன. கை, கால் அசைவு தடையில்லாமல் நடக்க இது வேண்டும். அந்தச் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிவதுதான் நோய். பாதிக்கு மேல் அழிந்த பிறகே நடுக்கம் வெளியே தெரிகிறது. வேர் அழுகல் நிலத்துக்குள் பரவிய பிறகு இலை வாடுகிற மாதிரிதான் இதுவும்.

நடுக்கத்துக்கு முன்பே சில அறிகுறிகள் வரலாம். மூக்கில் வாசனை தெரியாமல் போவது, நாட்பட்ட மலச்சிக்கல், தூக்கத்தில் கத்துவது, கை கால் வீசுவது ஆகியவை அவை. பிறகு நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாது. எழுத்து சிறுத்துப் போகும். சட்டைப் பொத்தான் போட நேரம் ஆகும். பேச்சு மெலியும்.

எல்லா நடுக்கமும் பார்க்கின்சன் அல்ல

கை மடியில் ஓய்வாக இருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் நடுங்கினால் பார்க்கின்சன் சந்தேகம் கூடுதல். டம்ளரைப் பிடிக்கும்போதும் கையெழுத்துப் போடும்போதும் இரண்டு கையும் நடுங்கினால் அது பெரும்பாலும் வேறு வகை. தைராய்டு கோளாறும், குடியை நிறுத்திய முதல் சில நாட்களும் நடுக்கம் தரும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குக் கொடுக்கும் ஃபுளுனரிசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட், சில மனநல மருந்துகள் ஆகியவை பார்க்கின்சன் போன்ற நடுக்கத்தையும் இறுக்கத்தையும் உண்டாக்கும். தலைசுற்றல் மாத்திரையைக் கடையில் தானாக வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். மருத்துவர் பார்த்து அந்த மருந்தை நிறுத்தினால் பலருக்கு நடுக்கம் குறைந்துவிடும். அதனால் மருத்துவமனைக்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது.

மாத்திரைதான் முதல் சிகிச்சை

லீவோடோபா என்ற மருந்து மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிறது. 1960களின் பிற்பகுதியில் இது புழக்கத்துக்கு வந்தது. இன்றுவரை இதைவிட நன்றாக வேலை செய்யும் மாத்திரை இந்த நோய்க்கு வரவில்லை. இதோடு கார்பிடோபா என்ற இன்னொரு மருந்தையும் சேர்த்தே மாத்திரை செய்கிறார்கள். லீவோடோபா உடம்பிலேயே செலவாகிப் போகாமல் மூளைக்குப் போய்ச் சேர கார்பிடோபா உதவுகிறது. வாந்தியும் குறைகிறது. பாசன நீர் கடைமடைக்குப் போகும் முன் வழியிலேயே கசிந்துவிடாமல் வாய்க்காலுக்குச் சிமெண்டு பூசுகிற வேலை என்று இதைச் சொல்லலாம். இந்தக் கூட்டு மருந்து நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

நேரம் தவறக் கூடாது. பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ ஒரு மணி நேரம் கழித்தோ சாப்பிட்டால் நன்றாக உள்ளே போகும். குமட்டல் இருந்தால் இரண்டு பிஸ்கட்டோடு சாப்பிடலாம்.

இரும்புச் சத்து மாத்திரையை இதோடு சேர்த்து விழுங்கக் கூடாது. இரண்டுக்கும் இடைவெளி வேண்டும்.

நோய் முற்றியவர்களுக்குப் பருப்பு, முட்டை, மீன் சாப்பிட்ட கையோடு மாத்திரை போட்டால் வேலை குறையலாம். அதற்காகப் புரதத்தையே விட்டுவிடக் கூடாது. நேரத்தை மாற்றிக்கொண்டால் போதும்.

நடவு நேரம், கோயில் திருவிழா என்று எந்தக் காரணத்துக்காகவும் மாத்திரையைத் திடீரென நிறுத்தக் கூடாது. காய்ச்சலும் கடும் இறுக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆரம்ப வருடங்களில் ஒரு வேளை மாத்திரை அடுத்த வேளை வரை தாங்கும். சில வருடம் போனதும் அடுத்த மாத்திரைக்கு முன்பே கை கால் கட்டிப்போட்ட மாதிரி ஆகும். மாத்திரை ஏறிய நேரத்தில் உடம்பு தானாக நெளியும், ஆடும். இந்த ஏற்ற இறக்கத்தை மாத்திரை அளவை மாற்றியும் சரிக்கட்ட முடியாத நிலையில்தான் கருவியைப் பற்றிப் பேச வேண்டும்.

மூளைக் கருவி என்பது என்ன?

டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன் என்று பெயர். மூளையின் ஆழத்தில் குறிப்பிட்ட இடத்துக்கு மெல்லிய மின்முனைகளை இறக்குகிறார்கள். அதிலிருந்து ஒரு கம்பி தோலுக்கு அடியில் கழுத்து வழியாக வந்து, நெஞ்சில் காறை எலும்புக்குக் கீழே உள்ள சிறு பேட்டரிப் பெட்டியில் சேர்கிறது. அந்தப் பெட்டி இடைவிடாமல் சிறு மின்துடிப்பை அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் தாறுமாறாக ஓடும் சைகையை அது அடக்குகிறது.

இந்த வேலையில் தமிழ்நாட்டுக்குப் பழைய தொடர்பு உண்டு. 1950-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. தலையில் வழிகாட்டிச் சட்டம் பொருத்தி மூளையின் ஆழத்தைக் குறிபார்த்துச் செய்யும் அறுவையை அவருடைய குழுவினர் 1960களில் அங்கே வளர்த்தார்கள். அந்தக் குழுவில் இருந்தவர் டாக்டர் டி.எஸ். கனகா. 1932-இல் சென்னையில் பிறந்தவர். நாட்டின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் என்று போற்றப்படுகிறவர். மூளைக்குள் நீண்ட நாள் இருக்கும்படி மின்முனை பொருத்தும் அறுவையை 1975-லேயே செய்து இந்தியாவில் இதற்கு வழி திறந்தவர். 2018-இல் காலமானார்.

இன்று பார்க்கின்சனுக்குச் செய்யும் முறை பிரான்சு நாட்டின் கிரனோபிள் நகரத்திலிருந்து வந்தது. 1987-இல் அங்கே பேராசிரியர் அலிம் லூயி பெனபிட்டும் அவருடைய குழுவினரும், வேகமான மின்துடிப்பு கொடுத்தால் மூளையைச் சுடாமலேயே நடுக்கம் அடங்குவதைக் கண்டார்கள். 1990களில் பார்க்கின்சனின் இறுக்கத்துக்கும் மந்தத்துக்கும் பொருத்தமான வேறொரு இடத்தையும் கண்டறிந்தார்கள். இந்தியாவில் இந்த அறுவை இருபது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. மத்திய அரசின் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இதில் நீண்ட அனுபவம் உள்ள இடங்களில் ஒன்று.

சீக்கிரமே செய்தால் நல்லதா?

மாமாவின் வாதம் புரிகிறது. பயிரில் நோயை ஆரம்பத்திலேயே பிடித்தால் பயிர் பிழைக்கும். ஆனால் இந்தக் கருவி, செல்கள் அழிவதை நிறுத்துவதாக இன்னும் நிரூபணம் ஆகவில்லை. அது அறிகுறியைக் குறைக்கிறது. அதனால் முன்கூட்டியே வைத்துவிட்டால் நோய் அங்கேயே நின்றுவிடும் என்று எண்ணக் கூடாது.

சீக்கிரம் செய்து பார்த்த ஆய்வுகளும் உண்டு. ஜெர்மனியும் பிரான்சும் சேர்ந்து 251 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2013-இல் வெளிவந்தது. இரண்டு வருட முடிவில், கருவி வைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் 26 சதவீதம் உயர்ந்திருந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு உயர்வு இல்லை. நல்ல முடிவுதான். ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். எல்லோரும் 60 வயதுக்கு உட்பட்டவர்கள். நோய் வந்து சராசரியாக ஏழரை வருடம் ஆனவர்கள். மாத்திரையில் ஏற்ற இறக்கம் தொடங்கிவிட்டவர்கள். அங்கே 'சீக்கிரம்' என்றால் அந்த ஏற்ற இறக்கம் வந்து மூன்று வருடத்துக்குள் என்று பொருள். நடுக்கம் வந்து ஒரு வருடம் ஆனவர்களைப் பற்றிய பேச்சே அதில் இல்லை. அறுவையும் கருவியும் தொடர்பான கடுமையான பக்கவிளைவு நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அளவில் வந்தது. பெரும்பாலானவை சரியாகிவிட்டன.

ஏற்ற இறக்கம் தொடங்காத, உண்மையான ஆரம்ப நிலையில் கருவி வைத்துப் பார்த்த ஆய்வு அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் நடந்தது. மொத்தம் 30 பேர்தான். பாதிப் பேருக்குக் கருவி, மற்றவர்களுக்கு மாத்திரை மட்டும். தொடர்ந்து பார்க்கத்தக்க நல்ல அறிகுறிகள் அதில் கிடைத்தன. ஆனால் அறுவை செய்தவர்களில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்தது. இவ்வளவு சிறிய ஆய்வை வைத்து ஊருக்கெல்லாம் பரிந்துரை செய்ய முடியாது. ஒரே ஒரு பாத்தியில் ஒரு பட்டம் விளைந்ததைப் பார்த்துவிட்டு மாவட்டம் முழுவதும் புது ரகத்தை விதைக்கச் சொல்வதில்லை அல்லவா? அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் விதியைத் தளர்த்தியபோதும், நோய் வந்து குறைந்தது நான்கு வருடம் ஆகியிருக்க வேண்டும், மாத்திரையில் சிக்கல் தொடங்கியிருக்க வேண்டும் என்றே வைத்தது.

எப்போது கேட்க வேண்டும்?

மருத்துவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளும் கணக்கு ஒன்று உண்டு: ஐந்து, இரண்டு, ஒன்று. ஒரு நாளைக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ லீவோடோபா தேவைப்படுவது, மாத்திரை வேலை செய்யாமல் கட்டிப்போகும் நேரம் நாளுக்கு இரண்டு மணிக்கு மேல் இருப்பது, தொந்தரவு தரும் தானியங்கி ஆட்டம் ஒரு மணிக்கு மேல் இருப்பது. இதில் ஒன்று வந்தாலும் கருவி பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். மாத்திரைக்கு அடங்காத கடும் நடுக்கம் உள்ளவர்களும் கேட்கலாம்.

லீவோடோபாவில் குறைகிற தொந்தரவுதான் பெரும்பாலும் கருவியிலும் குறையும். நடுக்கம் மட்டும் இதற்கு விலக்கு. தள்ளாட்டம், விழுதல், ஞாபகமறதி, பேச்சுக் குழறல் ஆகியவற்றுக்குக் கருவியை நம்பக் கூடாது. பேச்சு இன்னும் கெடவும் கூடும். மறதி நோய் வந்துவிட்டவர்களுக்கு இதைச் செய்வதில்லை. அறுவையின்போது மூளையில் இரத்தக் கசிவு நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரலாம். கருவி வைத்த இடத்தில் சீழ் பிடிக்கவும் வாய்ப்புண்டு.

செலவு பல லட்சம். அதோடு முடிவதில்லை. சாதாரண பேட்டரியைச் சில வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சார்ஜ் ஏற்றும் வகை அதிக வருடம் உழைக்கும், விலையும் அதிகம். அளவு சரிபார்க்கப் பலமுறை போய்வர வேண்டும். எனவே காலம் வந்து கேட்கும்போது, அறுவைக் கட்டணம் எவ்வளவு, கருவி எவ்வளவு, அடுத்த பேட்டரி எவ்வளவு, காப்பீட்டு அட்டையில் இதில் எது அடங்கும் என்று நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கருவி வைத்தவர்கள் மூட்டு வலிக்கு டயதெர்மி என்ற சூட்டுச் சிகிச்சை எடுக்கவே கூடாது. உயிருக்கு ஆபத்து. எம்.ஆர்.ஐ. எடுக்கும் முன்னும் வெல்டிங் வேலை செய்யும் முன்னும் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

பூனைக்காலி

சித்தப்பா சொல்வது வெறும் கதை அல்ல. 1937-இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து லீவோடோபாவைப் பிரித்தெடுத்து வெளியிட்டார்கள். அது பார்க்கின்சனுக்கு மருந்தாகும் என்று உலகம் அறிய அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

சிக்கல் அளவில்தான். ரகம், மண், அறுவடைக் காலம், பதப்படுத்தும் முறை ஆகியவற்றைப் பொறுத்து விதையில் சரக்கு கூடும், குறையும். ஒரு ஸ்பூன் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. கார்பிடோபா இல்லாததால் குமட்டலும் தலைசுற்றலும் வரலாம். மாத்திரையோடு பொடியும் சாப்பிட்டால் இரண்டும் சேர்ந்து அளவு மீறிப்போகும். இரத்த அழுத்தம் இறங்கிக் கீழே விழுவார்கள். மனக்குழப்பமும் வரும். ஏற்கனவே பொடி சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்கு ஏற்ப அவர் மாத்திரையைக் கணக்கிடுவார்.

பயிர் மருந்துக் கவலை

ஒருவருடைய நோய்க்கு இந்த மருந்துதான் காரணம் என்று கைநீட்டிச் சொல்ல முடியாது. வயது, பரம்பரை, சுற்றுச்சூழல் மூன்றும் சேர்கின்றன. ஆனால் விவசாயத்தில் பூச்சி, களை மருந்து தெளித்தவர்களுக்கு இந்த நோய் அதிகம் என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. களைக்கொல்லியான பாராகுவாட், வேரிலிருந்து எடுக்கும் பூச்சிமருந்தான ரோட்டினோன் ஆகிய இரண்டில் ஒன்றைப் பயன்படுத்தியவர்களுக்கு வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு என்று 2011-இல் வெளிவந்த அமெரிக்க விவசாயிகள் ஆய்வு சொன்னது. பாராகுவாட்டைக் கேரளம் 2011-இல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007 முதல் அனுமதி இல்லை. பிரான்சு அரசு 2012-இல், பத்து வருடம் பூச்சிமருந்தோடு புழங்கிய விவசாயிக்கு வரும் பார்க்கின்சனைத் தொழில்நோய் என்று ஏற்று நிவாரணத்துக்கு வழி செய்தது.

அதே அமெரிக்க ஆய்வுக் குழு பிறகு இன்னொன்றையும் கண்டது. கையுறை போட்டுத் தெளித்தவர்களிடம் பாராகுவாட்டுக்கும் நோய்க்கும் அந்தத் தொடர்பு தெரியவில்லை. போடாதவர்களிடம்தான் தெரிந்தது. சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற பாதுகாப்பு இது. ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, மூடிய செருப்பு வேண்டும். கையால் மருந்து கலக்கக் கூடாது. ஒழுகும் தெளிப்பானை முதுகில் ஏற்றக் கூடாது. காற்றுக்கு எதிராகத் தெளிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, அந்தத் துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். வரப்புக் களைக்குக் களைவெட்டும் கருவியோ மூடாக்கோ போதுமா என்று அருகிலுள்ள உழவர் உதவியகத்திலும் குரும்பாப்பேட் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். பார்க்கின்சன் வந்தவர் இனி மருந்து தெளிக்கவே வேண்டாம்.

வீட்டில் இப்போது செய்ய வேண்டியது

தினமும் வேகநடை, கை கால் நீட்டிமடக்கும் பயிற்சி. உடற்பயிற்சிக்குப் பணம் ஆகாது, பலன் நிச்சயம் உண்டு. அப்பாவை வேலையிலிருந்து ஒரேயடியாக விலக்கி உட்காரவைக்கக் கூடாது. மணிலா உடைப்பது, விதை பொறுக்குவது, மாட்டுக்குத் தீனி வைப்பது எல்லாம் அவருக்குப் பயிற்சிதான். டிராக்டர், கதிரடிக்கும் இயந்திரம், தடுப்புச்சுவர் இல்லாத கிணறு, இரவில் தனியே மோட்டார் போடப் போவது ஆகியவை மட்டும் வேண்டாம். மனச்சோர்வும் இந்த நோயின் ஒரு பகுதி. முகம் இறுகிப்போவதால் கோபமாக இருக்கிறார் என்று வீட்டார் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். அதைப் புரிந்து நடக்க வேண்டும்.

ஒரு நோட்டு போட்டு, மாத்திரை சாப்பிட்ட மணி, உடம்பு நன்றாக இருந்த நேரம், கட்டிப்போன நேரம், விழுந்த நாள் ஆகியவற்றை எழுதி வர வேண்டும். கோரிமேடு ஜிப்மரிலோ வேறு அரசு மருத்துவமனையிலோ நரம்பியல் பிரிவுக்குப் போகும்போது அந்த நோட்டையே காட்டலாம். மாத்திரையை எப்போது மாற்றுவது, கருவி பற்றி எப்போது பேசுவது என்பதை முடிவு செய்ய, செல்போன் வீடியோவைவிட அந்த நோட்டுதான் மருத்துவருக்கு உதவும்.